சத்யஜித் ரே படங்கள டிஸ்க்ல சேர்க்கிறது: திருகோணமலையில இருந்து அடிக்கடி வாற கேள்விகள்

உவர்மலை, பாலையூற்று, நிலாவெளிப் பக்கத்தில இருந்தெல்லாம் பெடியள் ஒரே கேள்விகளையே திருப்பித் திருப்பிக் கேக்கிறதால பதில ஒரு இடத்தில எழுதி வைக்கிறன். வங்காளப் பட இயக்குநர் ரேட படங்களத் தவிர வேற ஆக்களின்ர டிஸ்க்கப் பற்றிக் கேட்டா எனக்குச் சொல்ல அவ்வளவு ஒண்டும் இல்ல.

யூடியூப்ல சும்மா கிடக்கிற படத்துக்கு ஏன் சல்லி குடுத்து டிஸ்க் வாங்கோணும்?

யூடியூப்ல கிடக்கிறதில கனக்க பழைய ரீவி ஒளிபரப்பில இருந்தோ வீசீடியில இருந்தோ எடுத்தது. முகம் வெள்ளையா எரிஞ்சுபோய்க் கிடக்கும், இருட்டான இடமெல்லாம் ஒரே கறுப்பு, சத்தம் கரகரக்கும். ரேட ஆரம்பப் படங்களின்ர உயிரே அந்த வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையில இருக்கிற சாம்பல் நிறங்களிலதான். அபராஜிதோவில காசி வீட்டு முற்றத்த செட் போட்டுத்தான் எடுத்தவங்கள், கமராக்காரர் சுப்ரத மித்ரா மேல வெள்ளைத் துணியக் கட்டி அதில வெளிச்சத்தப் பட வச்சுத் திருப்பி விட்டார், அதாலதான் உண்மையான பகல் வெளிச்சம் மாதிரியே தெரியும். 1956 ல செய்த வேலை. அத யூடியூப்ல பாத்திட்டு ரேட படம் மங்கல் எண்டு சொல்றது அநியாயம்.

ரெண்டாவது காரணம் நெருப்பு. 1992 ல ரேக்கு ஒஸ்கார் கௌரவ விருது குடுத்தாங்கள், அந்த நிகழ்ச்சிக்குக் காட்டத் துண்டுகள் தேடேக்கதான் நல்ல பிரதியே இல்லையெண்டு தெரிய வந்தது. அந்த வருசம் ஏப்ரல் 23 ல அவர் மோசம் போயிட்டார். பிறகு படங்களக் காப்பாத்துவம் எண்டு நெகட்டிவ்கள கல்கத்தாவில இருந்து லண்டனுக்கு அனுப்பினாங்கள், 1993 யூலையில அங்க ஹென்டர்சன்ஸ் எண்ட லாப் நெருப்புப் பிடிச்சு அபு எண்ட பெடியன்ர கதையச் சொல்ற பதேர் பாஞ்சாலி, அபராஜிதோ, அபூர் சன்சார் மூண்டின்ரயும் மூல நெகட்டிவ் எரிஞ்சு போட்டுது. ஆனா எரிஞ்ச மிச்சத்த ஒருத்தரும் எறியேல்ல, அமெரிக்காவில அக்கடமி ஃபிலிம் ஆர்க்கைவ் எண்ட படக் காப்பகத்தில அப்பிடியே பூட்டி வச்சாங்கள். இருவது வருசம் கழிச்சு, நல்ல படங்கள டிஸ்க்கா விடுற அமெரிக்கக் கிரைட்டீரியன் கொம்பனியும் இத்தாலியில பொலோக்னாவில இருக்கிற லிமாஜினே ரித்ரோவாத்தா லாப்பும் சேந்து அந்தக் காஞ்சு சுருங்கின ஃபிலிம்ம ஊற வச்சு, உடைஞ்ச துளையள ஒவ்வொண்டா ஒட்டி, பழைய பசையத் துடைச்செடுத்து, ஆயிரம் மணித்தியாலத்துக்குக் கிட்ட கைவேலை செய்தாங்கள். பதேர் பாஞ்சாலி நெகட்டிவ்ல 40 வீதம் மட்டில, அபராஜிதோவில 60 வீதத்துக்கு மேல பாவிக்கக்கூடியதா வந்தது. அபூர் சன்சாருக்கு எரிஞ்சதில ஒண்டும் தேறேல்ல, வேற ஆர்க்கைவ்களில கிடந்த நல்ல பிரதியள வச்சுத்தான் செய்தாங்கள். 2015 மே மாசம் நியூயோர்க்ல தியேட்டர்ல ஓடி, அந்த வருசம் நவம்பர்ல டிஸ்க் பெட்டியா வந்தது.

அதாலதான் நான் ஆர் கேட்டாலும் முதல்ல ஒண்டு சொல்றது: அட்டைப் படத்தையும் 4கே எண்ட எழுத்தையும் விடுங்கோ, எந்தப் பிரதியில இருந்து எடுத்தது எண்டு பின்னட்டையில பாருங்கோ. கிழிஞ்ச தியேட்டர் பிரிண்ட 4கேயில ஸ்கான் பண்ணினா அந்தக் கிழிசல்தான் இன்னும் வடிவாத் தெரியும்.

எதில இருந்து தொடங்குறது?

எல்லாரும் அபு மூண்டையும் ஒரே அடியா வாங்கச் சொல்லுவாங்கள். நான் சொல்ல மாட்டன். அது பெரிய சல்லி, முதல் படத்த அரைவாசியில விட்டிட்டு பெட்டிய ஷோகேஸ்ல வச்ச ஆக்கள எனக்குத் தெரியும். மகாநகர்ல தொடங்குங்கோ. 1963 ல வந்தது, ஒரு நடுத்தர வீட்டு மனுசி வேலைக்குப் போகத் தொடங்க வீட்டுக்க நடக்கிறதுதான் கதை, மாமனார் கோவிச்சுக்கொண்டு கதைக்காம இருக்கிற காட்சியெல்லாம் எங்கட வீட்டு ஹோல்ல எடுத்த மாதிரியே இருக்கும். கிரைட்டீரியன் டிஸ்க்ல இந்தப் படத்தோட கபுருஷ் எண்ட 1965 ஆம் ஆண்டுப் படமும் எக்ஸ்ட்ராவா இருக்கு, ஒரு விலைக்கு ரெண்டு படம். பிறகு சாருலதா, அதுக்குப் பிறகு அபு.

ரீஜன் கோட் எண்டா என்ன, லண்டன்ல இருந்து மாமா கொண்டந்த டிஸ்க் ஏன் ஓடுதில்ல?

இதுதான் கூட வாற கேள்வி. உலகத்தப் பிரிச்சு வச்சிருக்கிறாங்கள், ஒரு இடத்தில விக்கிற டிஸ்க் இன்னொரு இடத்துப் பிளேயர்ல ஓடாது. டிவிடிக்கு இலக்கம்: அமெரிக்கா, கனடா 1, பிரித்தானியாவும் ஐரோப்பாவும் 2, இந்தியாவும் நாங்களும் 5. டிவிடிய விடத் துல்லியமான ப்ளூரே டிஸ்க்குக்கு எழுத்து: அமெரிக்கா, கனடா, ஜப்பான், சிங்கப்பூர் எல்லாம் ஏ. ஐரோப்பா, மத்திய கிழக்கு, அவுஸ்திரேலியா பி. இந்தியா, இலங்கை, சீனா, ரஷ்யா சி.

இப்ப பிரச்சினை விளங்குதா? ரேட நல்ல டிஸ்க் பெரும்பாலும் ஏ, மிச்சம் பி. எங்கட ரீஜன் சி. அதால இஞ்ச ரீஜனுக்குச் சரியான பிளேயர் வாங்கினா நல்ல டிஸ்க் ஒண்டுமே ஓடாது, சட்டப்படி வாங்கின சாமான வீட்ட வச்சுக்கொண்டு பாக்கேலாம இருக்கிறது எங்களுக்குத்தான் வாச்சிருக்கு!

டிவிடிப் பிளேயருக்கு வழி சுகம், கனக்க மொடலுக்கு ரிமோட்ல ஒரு இலக்க வரிசை அடிச்சா எல்லா ரீஜனும் திறக்கும், மொடல் நம்பரப் போட்டு இணையத்தில தேடுங்கோ. ப்ளூரேக்கு அப்பிடி ரிமோட்டால செய்யக்கூடிய மொடல் குறைவு, எல்லா ரீஜனும் ஓடுற மாதிரி மாத்தி விக்கிற பிளேயரத்தான் வாங்கோணும், விலை கூட. 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குக்கு ரீஜனே கிடையாது, எந்த நாட்டில வாங்கினாலும் எந்த நாட்டுப் பிளேயர்லயும் ஓடும். அபு பெட்டி இப்ப 4கேயிலயும் வந்திருக்கு. ஆனா கவனம், அதோட சேத்துத் தாற சாதா ப்ளூரே டிஸ்க்குகள் ஏ தான். எக்ஸ்ட்ராக்கள் சாதா டிஸ்க்ல இருந்தா அத நீங்கள் பாக்கேலாது.

என்னட்ட பிளேஸ்டேஷன் இருக்கு, அது காணாதா?

காணும், ஆனா அது எங்க இருந்து வந்தது எண்டு பாக்கோணும். டுபாய், கட்டார்ல இருந்து ஆராவது கொண்டந்தது எண்டா ப்ளூரே ரீஜன் பி. சிங்கப்பூர்ச் சாமான் எண்டா ஏ. இஞ்ச கடையில வாங்கினதும் பெரும்பாலும் இந்த ரெண்டு வழியால வந்ததாத்தான் இருக்கும், பெட்டிக்கு அடியில பாருங்கோ. பிளேஸ்டேஷன் 4 ல 4கே டிஸ்க் ஓடாது, 5 ல ஓடும், ஆனா டிஸ்க் போடுற வாய் இருக்கிற மொடலா இருக்கோணும்.

கொழும்பில, சென்னையில மலிவா வாங்கின வீசீடி, பழைய டிவிடி எல்லாத்தையும் எறிஞ்சு விடுறதா?

வீசீடிய எறியலாம். 352க்கு 288 புள்ளி, அதுவும் ரெண்டு டிஸ்க்கா உடைச்சு, இடைவேளை வராத இடத்தில நிண்டு போகும். இப்பத்தைய 50 அங்குல ரீவியில போட்டா ஆள் ஆரெண்டே தெரியாது.

டிவிடிய எறியாதயுங்கோ. ரேட கனக்க படத்துக்கு இண்டைக்கும் டிவிடிக்கு மேல ஒண்டும் கையில கிடைக்காது. லண்டன்ல ஆர்ட்டிஃபிஷல் ஐ கொம்பனி விட்ட சத்யஜித் ரே கலெக்சன் பெட்டிகளில ரெண்டாவது பெட்டி உதாரணம், கபுருஷ், மகாபுருஷ், ஜொய் பாபா ஃபெலுநாத் மூண்டும் அதில இருக்கு, பழைய சாமான் விக்கிற இடத்தில மலிவாக் கண்டா விடாதயுங்கோ. இந்தியாவில என்.எஃப்.டி.சி. எண்ட அரசாங்கப் படக் கூட்டுத்தாபனம் தன்ர படங்களப் புதுப்பிச்சு சினிமாஸ் ஒஃப் இந்தியா எண்ட பேர்ல டிவிடி விட்டது, ரேட கடைசிக் காலப் படங்களில கரே பாய்ரே, கணசத்ரு, ஆகந்துக் மூண்டும் அவங்கட தயாரிப்பு. இந்த மூண்டையும் கிரைட்டீரியனும் எக்லிப்ஸ் வரிசையில ஒரு பெட்டியாப் போட்டிருக்கு, அதுவும் டிவிடிதான்.

ஒரு சின்ன விசயம். ஐரோப்பிய டிவிடியும் இந்திய டிவிடியில கொஞ்சமும் பால் (PAL) எண்ட ரீவி முறையில செய்தது. ஃபிலிம் செக்கனுக்கு 24 படம், பால் 25, அதால படம் நாலு வீதம் வேகமா ஓடும். 100 நிமிசப் படம் 96 நிமிசத்தில முடிஞ்சிட்டா வெட்டிப்போட்டாங்கள் எண்டு சண்டைக்குப் போகாதயுங்கோ. சில டிஸ்க்ல சுருதியும் கொஞ்சம் ஏறிக் கேக்கும், ரவிசங்கர்ட சிதார் கேட்டுப் பழகின காது எண்டா பிடிபடும். ப்ளூரேயில இந்தத் தொல்லை இல்ல.

எந்தப் படம் நல்ல டிஸ்க்ல இருக்கு, எது இல்ல?

கிரைட்டீரியன் ப்ளூரேயில அபு மூண்டு, ஜல்சாகர், தேவி, மகாநகர், சாருலதா, நாயக் இருக்கு. ஜல்சாகர் டிஸ்க்க நான் ஒரு படி மேல சொல்லுவன், ஷியாம் பெனகல் 1984 ல ரேயப் பற்றி எடுத்த முழுநீள ஆவணப்படமும் அதுக்குள்ள இருக்கு, ரே தானே இருந்து தன்ர வேலையப் பற்றிக் கதைக்கிறார், அதுக்கே குடுத்த சல்லி சரி.

ஆரண்யேர் தின் ராத்ரி 2025 ல பிரான்சில நடக்கிற கான் திரைப்பட விழாவில புதுசாத் திருத்தின பிரதியாக் காட்டினது, தயாரிப்பாளர் பக்கம் மூல நெகட்டிவ பத்திரமா வச்சிருந்ததால அது சாத்தியமாச்சு. பிரதித்வந்தியையும் இந்திய அரசாங்க ஆர்க்கைவ் திருத்தி 2022 ல கானில காட்டினது. இப்பிடிக் கானில காட்டின படம் பிறகு டிஸ்க்கா வாறது வழமை, அதால இந்த ரெண்டின்ரயும் பழைய டிவிடிய இப்ப கூடின விலைக்கு வாங்க வேணாம்.

தீன் கன்யாவில ஒரு பொறி இருக்கு. அது மூண்டு கதை சேந்த 1961 ஆம் ஆண்டுப் படம், ஆனா வெளிநாட்டில ரெண்டு கதையோடதான் ஓடினது, நடுவில வாற பேய்க்கதை மோனிஹாரா அதில இல்ல. பெட்டியில டூ டோட்டர்ஸ் எண்டு பேர் இருந்தாலோ ஓட்டம் ரெண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட எண்டு போட்டிருந்தாலோ அது குறைப் பிரதி. முழுசு மூண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும்.

கூப்பி காய்ன் பாகா பாய்ன் கறுப்பு வெள்ளைப் படம், கடைசியில மட்டும் கலராகும். டிஸ்க் பழுது இல்ல. அப்பிடித்தான் எடுத்தவர்.

ரெண்டு பக்கமும் கறுப்பாக் கிடக்கு, படம் புள்ளி புள்ளியா இருக்கு, மாத்தித் தருவாங்களா?

ஐயோ. அந்தக் காலப் படம் கிட்டத்தட்டச் சதுரம், இண்டைய ரீவி நீட்டு, அதால ரெண்டு பக்கமும் கறுப்பு வரத்தான் வேணும். ரீவி செட்டிங்ல இழுத்து விட்டா சாருலதாவா நடிச்ச மாதவி முகர்ஜிட முகம் பூசணிக்காய் மாதிரி வரும், தயவுசெய்து செய்யாதயுங்கோ. புள்ளி எண்டு நீங்கள் சொல்றது ஃபிலிம்மின்ர மணி (கிரெயின்), அது இருந்தாத்தான் நல்ல பிரதி. வழுவழுப்பா மெழுகு பூசின மாதிரி இருந்தாத்தான் சந்தேகப்படோணும். ரீவியில மோஷன் ஸ்மூதிங், ஷார்ப்னஸ் எல்லாத்தையும் குறைச்சிட்டுப் பாருங்கோ.

தமிழ் சப்டைட்டில் இருக்கா?

நான் சொன்ன பதிப்புகளில இல்ல, இங்கிலீஷ்தான். வயசான ஆக்களோட இருந்து பாக்கேக்க ஒராள் வாசிச்சுச் சொல்லலாம், எங்கட வீட்டில அப்பிடித்தான், அம்மாக்குப் பாதிக்கு மேல சொல்லவே தேவைப்படாது. வங்காளத்தில பிஷி, பாபா எண்டு கூப்பிடுறதெல்லாம் ரெண்டாவது காட்சியிலயே பிடிபட்டிடும்.

திருகோணமலைக்கு எப்பிடி எடுக்கிறது, எவ்வளவு முடியும்?

கிரைட்டீரியன் ஒரு ப்ளூரேயின்ர பட்டியல் விலை 40 டொலர், அபு பெட்டி 100 டொலருக்குக் கிட்ட. டொலர் 300 ரூபா எண்டு வச்சாலும் அந்தப் பெட்டி 30,000 ரூபா, அதோட அனுப்புற செலவு. 2022 க்கு முதல் டொலர் 200 இருந்த காலத்தில சேத்தவங்கள் குடுத்து வச்சவங்கள். ஆனா பட்டியல் விலைக்கு ஒருத்தரும் வாங்கிறதில்ல, வருசத்தில சில தரம் அரை விலைக்கு விடுவாங்கள், அமெரிக்காவில பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக்கடையில யூலையிலயும் நவம்பர்லயும் வழமையா நடக்கும். அந்த நேரம் ஸ்காபரோவில இருக்கிற மச்சான், மச்சாளின்ர அட்ரசுக்கு ஓடர் போட்டு, அவங்கள் கோணேசர் திருவிழாவுக்கோ கலியாணத்துக்கோ வரேக்க பெட்டிக்க வச்சுக் கொண்டரச் சொல்றதுதான் எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி. பிளாஸ்டிக் கூட்ட அங்கயே கழட்டிப் போட்டிட்டு டிஸ்க்கையும் தாளையும் மட்டும் கொண்டரச் சொல்லாதயுங்கோ, டிஸ்க் கீறுப்பட்டுத்தான் வந்து சேரும்.

தபால்ல எடுத்தா கொழும்பில சுங்கம் திறந்து பாத்து வரி போடலாம். பில்ல வெளியில தெரியிற மாதிரி ஒட்டச் சொல்லுங்கோ, பில் இல்லாட்டி அவங்களாவே ஒரு பெறுமதி போடுவாங்கள், அது ஒருநாளும் உங்களுக்குச் சாதகமா இருக்காது. ஒரே பார்சல்ல கனக்கப் போடாம ஒண்டு ரெண்டா எடுங்கோ.

இணையத்தில ரேட முழுப் படமும் ஒரே பெட்டியில மலிவாக் கிடக்கு, வாங்கலாமா?

வேணாம். ரே எடுத்தது ஆவணப்படம், குறும்படம் சேத்து 36, உரிமை வேற வேற தயாரிப்பாளரிட்ட பிரிஞ்சு கிடக்கு, அப்பிடி எல்லாம் சேந்த பெட்டி ஒண்டு ஒழுங்கான வழியால வாறது லேசில்ல. ஒரு டிஸ்க்ல மூண்டு நாலு படம், பின்பக்கம் ஊதா நிறம், அட்டையில எழுத்துப் பிழை, இதில ஏதாவது ஒண்டு இருந்தாலே வீட்டில எரிச்ச கொப்பி.

எங்கட உப்புக் காத்துக்கு டிஸ்க் நிண்டு பிடிக்குமா?

கவனமா வச்சாப் பிடிக்கும். ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் மழை ஈரம், அந்த நேரம் டிஸ்க்ல பூஞ்சணம் சிலந்தி வலை மாதிரி படரும், அட்டைத்தாள் பெட்டியள்தான் முதல்ல போகும். பிறகு கச்சான் காத்து தொடங்கினா சூடும் புழுதியும். உட்துறைமுகப் பக்கம், டொக்யாட் வீதிப் பக்கம் கடலப் பாத்த யன்னல் உள்ள வீட்டுக்காரர் அந்தச் சுவரில ராக்கை அடிக்காதயுங்கோ. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி, உள்ள சிலிக்கா ஜெல் பை, மாசத்தில ஒருக்கா திறந்து பாக்கிறது, இவ்வளவுதான். டிஸ்க்க அடுக்காம நிமித்தி வையுங்கோ.

பூஞ்சணம் வந்தா வெறும் தண்ணியில ஒரு சொட்டு சோப் விட்டுக் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால நடுவில இருந்து வெளிப்பக்கமா நேர துடைக்கோணும், வட்டமாத் தேய்ச்சா கீறல் பாதை வழியே விழுந்து வாசிக்கேலாமப் போயிடும். தின்னர், பெற்றோல் கிட்டவும் கொண்டு போகாதயுங்கோ. டிஸ்க்க விட முதல்ல சாகிறது பிளேயர்ட லென்ஸ்தான், பாவிக்காம மூடி வச்சா இன்னும் கெதியாப் போகும், கிழமைக்கு ஒருக்காவாவது ஓட விடுங்கோ.

ரே எடுத்த ஏலியன் படம் டிஸ்க்ல கிடைக்குமா? அதுக்கும் எங்கட ஊருக்கும் தொடர்பாமே?

படமே எடுபடேல்ல, அதால டிஸ்க் இல்ல. ஆனா தொடர்பு உண்மை. வங்காளக் கிராமத்துக் குளத்தில வேற கிரகத்துக் கப்பல் ஒண்டு வந்து இறங்குற கதைய ரே விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கிட்டச் சொல்ல, கிளார்க்கோட இலங்கையில இருந்த மைக் வில்சன் அதப் பிடிச்சுக்கொண்டு கல்கத்தா வரைக்கும் போயிட்டார். 1967 ல ஹொலிவூட் கொம்பனி கொலம்பியா பிக்சர்ஸ் செய்யிற மாதிரி வந்து, நடிக்கிறதுக்கு பீட்டர் செல்லர்ஸ், மார்லன் பிராண்டோ பேரெல்லாம் அடிபட்டு, திரைக்கதையின்ர உரிமையில ரேட பேரோட வில்சன்ட பேரும் ஏறி, கடைசியில ஒண்டும் நடக்கேல்ல. ரே கசந்துபோய் 1980 ல பத்திரிகையில அந்தக் கதை முழுக்க எழுதினார். திரைக்கதை புத்தகமா 2018 ல வந்தது, அத வாங்கி டிஸ்க்குகளோட வைக்கலாம், நான் வச்சிருக்கிறன்.

இந்த வில்சன் ஆரெண்டா, 1956 ல சுவாமி மலையடியில முங்கி, போர்த்துக்கேயர் இடிச்சுக் கடல்ல தள்ளின கோணேசர் கோயில் தூணுகளப் படம் பிடிச்ச அதே ஆள். 1962 ல ரன்முத்து தூவ எண்ட முதலாவது கலர் சிங்களப் படத்த எடுத்ததும் அவர்தான். கடைசியில சாமியாரா மாறி சுவாமி சிவ கல்கி எண்டு பேர் வச்சுக்கொண்டார். ரே ரசிகர்கள் அவரத் திட்டுவாங்கள், எங்கட ஊர்ப் பெரியாக்கள் அவருக்கு நன்றி சொல்லுவாங்கள். ரெண்டு பகுதியும் சரிதான் எண்டு நினைக்கிறன்.

ஏன் வங்காளத்துக்குப் போறீங்கள், பாலு மகேந்திரா மட்டக்களப்பு ஆள்தானே?

அமிர்தகழியில பிறந்தவர், எனக்கும் ஆசைதான். ஆனா வீடு படத்தின்ர நெகட்டிவே இப்ப இல்லையெண்டு அவரே கடைசிக் காலத்தில மனம் நொந்து சொன்னவர், 1988 ல வந்த படம். எரிஞ்ச நெகட்டிவ்வ இருவது வருசம் பூட்டி வைக்க ரேக்கு ஒரு ஆர்க்கைவ் இருந்தது, எங்கட ஆளுக்கு எரியாத நெகட்டிவ்வ வைக்கவே இடம் இருக்கேல்ல. சேர்க்கிறதுக்கு நல்ல பதிப்பு எண்டு ஒண்டு இருந்தாத்தானே சேர்க்கலாம்.

தமிழோட தொடர்புள்ளது வேணும் எண்டா ரேட பாலா எண்ட ஆவணப்படத்தத் தேடுங்கோ. 1976 ல பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியப் பற்றி எடுத்தது, கடற்கரையில காத்து சேலையப் பிடிச்சு இழுக்க இழுக்க அவ கிருஷ்ணா நீ பேகனே ஆடுறது அதிலதான்.

இரவல் தருவீங்களா?

தருவன், ஆனா பிளேயரும் சேத்துத்தான் கொண்டு போகோணும், இல்லாட்டி ரீஜன் பிரச்சினையில ஓடேல்ல எண்டு அடுத்த நாளே போன் வரும். ஒரு தரத்துக்கு ஒரு படம். அபு பெட்டி வெளிய போகாது, அத வீட்ட வந்து பாக்கலாம், சனிக்கிழமை பின்னேரம் எண்டா நல்லம், முதல் நாளே சொல்லிப்போட்டு வாங்கோ. மகாநகர் இப்ப கிண்ணியாவில ஒருத்தரிட்ட நிக்குது, அவருக்குப் பிறகு சாம்பல்தீவில ரெண்டு பேர் கேட்டிருக்கிறாங்கள். சாருலதா கையில இருக்கு.